செருப்புக் கூடை

படகில் கழிவறையை அடைத்தது நான்தான் ஐயா. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

அக்கா ஓசூரிலிருந்தே ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தாய்லாந்தில் பாம்பைப் பொரித்துத் தட்டில் வைப்பார்கள் என்று அவளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் அது ஊசிப்போய்விட்டது. மாமா பார்த்திருந்தால் அன்று முழுக்க அதையே பேசுவார். அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் நான் டப்பாவோடு கழிவறைக்குள் போய், மொத்தத்தையும் கொட்டி, பொத்தானை அழுத்தினேன். படகுக் கழிவறையில் காகிதத் துண்டுகூடப் போடக் கூடாது என்று முந்தின நாள்தான் எல்லோருக்கும் விளக்கப்பட்டது. கேப்டன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, தமிழில் எடுத்து விளக்கியவன் நானேதான். வேர்க்கடலையும் கடலைப்பருப்பும் பம்புக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் கீழ்த்தளம் முழுக்கப் புளியும் வேறு சிலதும் கலந்த ஒரு மணம்.

"டேய் சுரேந்தரு, பொறந்ததுலருந்து எத தொட்டாலும் அடச்சிக்கும்டா உனக்கு" என்றார் மாமா, மேல்தளத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு. "ஓசூர்ல வேனு ஓட்டுனா டிராபிக் அடச்சிக்குது. இங்க வந்தா கப்பலே அடச்சிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சின்ன வயதிலிருந்தே அதுதான் என் தொழில். கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேன் விடுவதெல்லாம் துணைத்தொழில்.

மாமா என்றால் திருமலை, என் அக்கா சுஜாதாவின் கணவர். சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் அடித்துத் தரும் பிரஸ் ஷாப் வைத்திருந்தார். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கும் இயந்திரங்களோடு இருபது வருடம் வாழ்ந்ததில், மனிதர்களும் அப்படித்தான் வளைவார்கள் என்று அவருக்கு ஒரு முடிவு. பெரும்பாலும் வளையவும் செய்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அக்கா நிம்மதியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான். செய்து முடித்த பிறகு நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் அது ஒன்றுதான்: அவள் நிம்மதியாக இருக்கிறாளா, இல்லையா. ஒரு வருடமாகக் கேட்கிறேன். ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதற்கு வருகிறேன்.

படகு எடுக்கும் யோசனை ராஜ்குமாரால் வந்தது. ராஜ்குமார் பசுமைக் குடில் போட்டு ரோஜா வளர்ப்பவர், மாமாவின் நண்பர், அதாவது மாமாவுக்குக் கண்ணில் விழுந்த தூசி. அவர் துபாய்க்குப் போய் யாரோ ஒருவருடைய படகில் சூரியன் மறையும்வரை உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் படத்தை ஓசூரில் காட்டாத ஆள் இல்லை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊரான் படகுல குந்திக்கினு வந்தவன் இவ்ளோ பேசறான்" என்றார். "நாம தனியாவே ஒண்ணு எடுக்கறம். ஆளு அம்போட, சமையக்காரனோட. தீவு தீவா போறம். அவனயும் இட்டுகினு போறம். அவன் பாக்கணும்."

இதுதான் எங்கள் பக்கத்துப் பணக்காரர்களின் உல்லாசம். தான் அனுபவிப்பதற்காக எவரும் எங்கும் போவதில்லை. பார்த்து வயிறெரிய ஓர் ஆளையும் தன் செலவில் கூட்டிப் போவார்கள். எரிகிறவரும் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ராஜ்குமார் மனைவி அனிதாவோடு, இரண்டு பேருக்கும் ஒரே பூப்போட்ட சட்டை தைத்துக்கொண்டு வந்தார்.

எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. பொங்கல் விடுமுறையில் பெங்களூரிலிருந்து பூக்கெட்டுக்கு விமானம். அங்கே துறையில் வெள்ளை வெளேரென்று மூன்று தளப் படகு நின்றது. மாமா தன் வீட்டு மாடியையும் அதையும் மனசுக்குள் அளந்து பார்த்தது எனக்குத் தெரிந்தது. நாங்கள் ஆறு பேர்: மாமா, அக்கா, அவர்கள் மகள் பிரியதர்ஷினி, ராஜ்குமார், அனிதா, நான். படகில் ஒரு கேப்டன், அவருக்கு உதவியாள் ஒருவன், சமையல்காரர் ஒருவர், பிம் என்கிற பணிப்பெண். எல்லோரும் அந்த நாட்டுக்காரர்கள். அதிகம் சிரிப்பவர்கள், குறைவாகப் பேசுபவர்கள். எங்களுக்கு நேர்மாறு.

படகின் பின்பக்கப் படியில் பிம் ஒரு பிரம்புக் கூடையோடு நின்றாள். செருப்பைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். தேக்குப் பலகை கீறிவிடுமாம்.

"இன்னாடா இது, கோயிலா?" என்றார் மாமா. விமான நிலையத்தில் வாங்கிய புது வெள்ளைச் செருப்பு அது. பிம் இரண்டு கையையும் கூப்பி வணங்கினாள். அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "செரி, கும்புடுது பாவம்" என்று கழற்றிப் போட்டார்.

அந்தக் கூடையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் பார்த்த வீடியோவில் தெரிவது பாதிதான். ஒவ்வொரு தீவிலும் இறங்கும்போது பிம் அவரவர் செருப்பை எடுத்துத் தருவாள். திரும்பி வரும்போது கூடையில் விழும் ஜோடிகளை எண்ணுவாள். ஆறு ஜோடி வந்தால் ஆறு பேரும் ஏறியாயிற்று. ஏன் ஆட்களை எண்ணுவதில்லை என்று நான் அவளைக் கேட்டேன். விருந்தாளிகளை விரல் நீட்டி எண்ணுவது மரியாதை இல்லை என்றாள். மரியாதை உள்ள நாடு. எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது மாமாவின் தூக்கத்துக்கு வருகிறேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அவர் மாடி அறையில் படுப்பார். அந்த நேரத்தில் அந்த வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. வாசல் மணியின் ஒயரை அக்கா பிடுங்கியே வைத்திருந்தாள். கதவைத் தட்டி எழுப்பியவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அக்காவுக்குக் குடல்வால் வீங்கி வலி வந்தது அவர் தூங்கும் நேரத்தில்தான். அவர் எழுந்திருக்கும்வரை கூடத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "அவரு தூங்கிக்கினு இருந்தாரு" என்றாளாம், மழை பெய்துகொண்டிருந்தது என்று சொல்கிற மாதிரி. எனக்குப் போன் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "உனுக்கு எதுக்குடா" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் அக்காவும் நானும் படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தோம். கீழே மாமா சமையல்காரரிடம், தோசைக் கல் இல்லாமல் என்ன கப்பல் என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தார், தமிழில். அக்கா கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "இந்த மனுஷன் இல்லாம ஒரே ஒரு நாளு நிம்மதியா இக்கணும்டா" என்றாள்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைவரை இதைச் சொல்லாத மனைவி கிடையாது, எனக்கும் தெரியும். தக்காளி பொறுக்கிக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு அக்கா கையில் தக்காளி இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒரு நாள் கேட்டாள். தம்பி என்கிறவன் கணக்குப் பார்த்தா கொடுப்பான்?

அன்று மத்தியானம் ஒரு மணல்திட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பெயரே இல்லாத இடம். மற்றப் படகுகள் வராது, அதனால்தான் மாமாவுக்குப் பிடித்தது. போவதற்கு முன் கேப்டன் என்னிடம் நிதானமாக விளக்கினார். கடல் இறங்கியிருக்கும்போது மட்டும்தான் அந்த மணல் தலைகாட்டும். சாப்பிட்டதும் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு கடல் ஏறும், மணலே இருக்காது, இழுப்பு வேறு பலமாக இருக்கும். எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்றார். மற்றவர்கள் கீழே உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும்தான் பக்கத்தில் இருந்தார்.

"இன்னா சொல்றான் அவன்?"

"அருமையான எடமாம் மாமா. சாய்ந்தரம் வரிக்கும் நிம்மதியா படுத்துக்கலாமாம்."

மொழிபெயர்ப்பில் ஒன்றிரண்டு விடுபட்டுப்போவது சகஜம்.

சின்ன ரப்பர் படகில் கொண்டுபோய் இறக்கினார்கள். வெள்ளை மணல், இடுப்பளவு உயரத்தில் ஓரத்தில் ஒரு பாறை, சுற்றிலும் கடல். எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கிருஷ்ணகிரி அணைதான். மாமா அதிலும் கால் நனைத்ததில்லை. நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை கொடுத்தபோது, "பொம்பளைங்களுக்குக் குடு" என்று விட்டார். பொரித்த மீன் சாப்பிட்டார், பீர் குடித்தார். பாறைக்கு அந்தப் பக்கம் நிழல் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

"என்ன எவனும் எழுப்பக் கூடாது" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். நான் மதித்தேன்.

முதல் நடையில் அக்கா, பிரியா, ராஜ்குமார், அனிதா போனார்கள். அவர்களிடம், நீங்கள் போங்கள், மாமாவை நான் கூட்டிவருகிறேன் என்றேன். இரண்டாவது நடைக்கு உதவியாள் வந்தபோது குடையையும் பாயையும் நானே மடித்து வைத்திருந்தேன். அவனிடம், மாமா முதல் நடையிலேயே போய்விட்டார் என்றேன். அவன் சிரித்துத் தலையாட்டினான். பாறைக்கு அந்தப் பக்கம் போய் எட்டிப்பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. மரியாதை.

மாமாவின் செருப்பை எடுக்கும்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை என்று சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் படகின் பின்பக்கக் கேமராவில் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கேப்டனின் வக்கீல் ஒரு வருடம் தோண்டி அதை எடுத்திருக்கிறார், பாராட்ட வேண்டும். கூடையில் நான் இரண்டு ஜோடி போடுகிறேன். முதலில் அவருடையது, பிறகு என்னுடையது. அவர் மூத்தவர் அல்லவா. பிம் எண்ணிவிட்டு மேலே கட்டை விரலைக் காட்டினாள். எல்லோரும் ஏறியாயிற்றா என்று கேப்டன் என்னைக் கேட்டார். எல்லோரும் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் கொஞ்சம் கனமாக இருந்தது.

படகு அடுத்த தீவை நோக்கிக் கிளம்பியது. பிரியா போனிலிருந்து தலையைத் தூக்காமல் என்னிடம், "அப்பா எங்க மாமா?" என்றாள்.

"ரூம்ல தூங்குறாரு. தலவலியாம். போய் எழுப்பு, பாக்கலாம்."

"ஐயோ சாமி, நான் மாட்டன்" என்று போனுக்குத் திரும்பிவிட்டாள். ராஜ்குமாரும் அனிதாவும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா இல்லாத மேல்தளத்தில் ராஜ்குமாருக்குக் கொஞ்சம் உயரம் கூடிய மாதிரி இருந்தது.

கொஞ்சம் கழித்து அக்கா தேநீரோடு கீழே போனாள். நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். மாமாவின் அறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறக்கிக்கொண்டு, தேநீரை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். கதவு பூட்டியிருக்கவில்லை. அவள் தட்டியிருந்தால் நேரம் இருந்தது, படகைத் திருப்பியிருக்கலாம். அந்த வீட்டில் அவர் எதைக் கட்டிக் காத்தாரோ, அதுவே அவரைக் காக்கவில்லை. இதில் என் பங்கு எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு செருப்பு தூக்கினேன்.

சாயங்காலம் பிம் போய்க் கதவைத் திறந்தபோது விரிப்பு கலையாமல் கட்டில் காலியாக இருந்தது. கேப்டன் உடனே படகைத் திருப்பினார். நாங்கள் போனபோது அங்கே பாறையின் உச்சிகூடத் தெரியவில்லை, கடல் மட்டும்தான். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் மீனவர்கள் கண்டெடுத்தார்கள்.

அங்கே காவல் நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. குடும்பத்தாரின் வாக்குமூலத்தை மொழிபெயர்க்க என்னையே உட்கார வைத்தார்கள். இதை நான் கற்பனை செய்து சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். "கதவத் தட்ட பயமா இருந்துச்சு" என்றாள் அக்கா. அவர் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தாளாம் என்றேன் நான். என்னைப் பற்றி நானே கேட்டு நானே சொன்ன பதில்கள் எல்லாம் மிகத் தெளிவாக இருந்ததாக அந்த அதிகாரி பாராட்டினார். பிம் வேலையிழந்தாள். கேப்டன் மேல் வழக்கு. பிம் அழுதபோது எனக்கும் அழுகை வந்தது, உண்மையாகவே. எனக்கு இளகிய மனசு, ஐயா. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்று, அது எந்தக் கேமராவிலும் இல்லை. படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நான் மேல்தளத்தின் பின்பக்கம் போய்க் கேப்டனின் பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். மாமா எழுந்துவிட்டிருந்தார். மணல் பாதியாகச் சுருங்கியிருந்தது. நடுவில் நின்று துண்டை எடுத்து ஆட்டினார். ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார், வாழ்க்கையில் முதல்தடவையாக. நானும் கையாட்டினேன். பிறகு பைனாகுலரைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் பிரஸ் ஷாப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. நான் வேன்களை விற்றுவிட்டு அக்கா வீட்டுக்கே குடிவந்தேன். அவர் நாற்காலி எனக்குக் கொஞ்சம் பெரியது, ஒரு தலையணை வைத்துச் சரிசெய்துகொண்டேன். வேலை பிழிந்தெடுக்கிறது. மத்தியானம் கொஞ்சம் கண்ணயராவிட்டால் முடியாது. மாடி அறையில்தான் காற்று வரும். நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் வீட்டில் ஒரு சத்தம் கேட்காது. பிரியாவுக்குப் பெங்களூரில் ஏதோ படிப்பில் இடம் கிடைத்தது. அதெல்லாம் வேண்டாம், ஓசூரிலேயே படி என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன், கேட்டுக்கொண்டாள். நல்ல பிள்ளை. துக்கம் மனிதர்களை அமைதியாக்கிவிடுகிறது.

அக்காவை மட்டும் அடிக்கடி கேட்பேன்: நிம்மதியாக இருக்கிறாயா? "காபி போடட்டா" என்பாள். இன்னொரு நாள் கேட்டால், "கரண்ட்டு போயிப் போயி வருதுடா" என்பாள். ராஜ்குமாரைக் கேட்டேன், உங்கள் கண்ணுக்கு அக்கா எப்படி இருக்கிறாள் என்று. "போனவரு போயிட்டாரு, வுடு சாமி" என்று குருபரப்பள்ளிக் கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பிரியாவைக் கேட்டேன். அம்மாவையே கேளுங்க என்று உள்ளே போய்விட்டாள். ஒரு மனிதன் ஒருத்திக்காக இவ்வளவு செய்துவிட்டு, அதில் பலன் இருந்ததா இல்லையா என்று தெரியாமலே நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்று இவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்குக் காலையில் நீங்கள் வந்தீர்கள். சாயங்காலம் அக்காவை இங்கே ஸ்டேஷனுக்கு வரவழைத்து அந்த வீடியோவைக் காட்டினீர்கள். பார்த்து முடிக்கும்வரை அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கையாட்டியதுவரை. மறைக்கவில்லை. உனக்காகத்தான் என்றேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

"போறதுக்கு முன்னாடி இந்த ஒரு தடவயாச்சும் நேரா சொல்லிட்டுப் போக்கா" என்றேன். "நிம்மதியா இக்கிறியா இல்லயா?"

வாசலில் நின்று திரும்பினாள். என் முகத்தை அவள் அப்படி நிமிர்ந்து பார்த்து ரொம்ப நாளாகிறது.

"இக்கிறன்டா" என்றாள். "காத்தால உன்ன ஜீப்புல ஏத்தனாங்க பாரு, அப்பலருந்து."